மிச்சிகன் அவென்யூ, எண் 2120: சிகாகோ நாட்குறிப்பு

மே 15, வியாழன்

விமானம் நேரத்துக்கு இறங்கிவிட்டது. என் பெட்டிதான் வரவில்லை. பெல்ட்டில் கடைசியாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு குழந்தை வண்டியும் போன பிறகு கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்த அம்மா ஒரு படிவத்தை நீட்டி, இரண்டு நாளில் வீட்டுக்கே வந்துவிடும் என்றார். எதற்காக வந்தீர்கள் என்று விசாரித்தார். கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசை கேட்க வந்திருக்கிறேன், அதைப் பதிந்து வெளியிட்ட செஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பாட்டி மிசிசிப்பியிலிருந்து ரயிலேறி வந்தவராம், வீட்டில் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் இசைத்தட்டுகள் இருந்தனவாம். பின்னால் வரிசை நீண்டதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பெட்டி தொலைந்த எரிச்சல் எனக்கு அங்கேயே போய்விட்டது.

அண்ணன் மகள் இங்கே படிக்கிறாள். அவள் அறையில்தான் தங்கல். "சித்தப்பா, மே மாசம்னு நம்பி இந்த ஊர்ல எதையும் முடிவு பண்ணாதீங்க" என்று முன்பே எச்சரித்திருந்தாள். குளிருக்குத் தயாராக வந்தால் வெளியே நம்ம ஊர் மாதிரி வெயில். மாற்றுத் துணி இல்லை. தெருமுனைக் கடையில் 14 டாலருக்கு ஒரு பனியன் வாங்கிப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் மேக்ஸ்வெல் தெருப் பக்கம் போனோம்.

பழைய சந்தை இப்போது அங்கே இல்லை. பல்கலைக்கழகத்தை விரிவுபடுத்துவதற்காக 1994இல் அப்புறப்படுத்திவிட்டார்கள். பக்கத்தில் ஜிம்ஸ் ஒரிஜினல் என்ற கடை மட்டும் இடம் மாறி இன்னும் நடக்கிறது. வாட்டிய போலிஷ் சாசேஜ், மேலே வதக்கிய வெங்காயம், கடுகுச் சாந்து, ஊறுகாய் போட்ட பச்சை மிளகாய். உட்கார நாற்காலி கிடையாது. நின்றுகொண்டே, கையில் ஒழுகாமல் சாப்பிட வேண்டும். அந்த வெங்காய வாசனை இரண்டு தெரு தள்ளியே நம்மை இழுத்துவிடுகிறது. நான் மிளகாயை ஒதுக்காமல் தின்றதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநர் தன் காகிதத்தில் மிச்சமிருந்ததையும் என் பக்கம் நகர்த்தினார்.

இந்தத் தெருவில்தான் தெற்கிலிருந்து வந்த கறுப்பினப் பாடகர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கடைகளிலிருந்து மின்கம்பி இழுத்து, கிதாரைச் சத்தமாக வாசித்தார்கள். 1948இல் மடி வாட்டர்ஸின் "ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்" வெளிவந்தபோது முதலில் அச்சிட்ட தட்டுகள் ஏறத்தாழ ஒரே நாளில் தீர்ந்துபோயின. இங்கே இருந்த கடையில் ஆளுக்கு ஒன்றுதான் என்று கட்டுப்பாடு வைக்க, பாடியவரே ஒன்றை வாங்கிக்கொண்டு, இன்னொன்றுக்கு மனைவியை அனுப்பினார் என்பது அந்தக் காலத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் கதை. அப்போது அவர் ஜன்னல் திரைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மே 16, வெள்ளி

காலையில் க்ரீன் லைன் ரயிலில் செர்மாக் நிறுத்தம். அங்கிருந்து மிச்சிகன் அவென்யூ நடை தூரம். தெரு அகலமாக, ஆளில்லாமல் கிடந்தது. 1950களிலும் 60களிலும் இதற்கு 'ரெக்கார்ட் ரோ' என்று பெயர். இசைத்தட்டு நிறுவனங்களும் விநியோகஸ்தர்களும் வரிசையாக இருந்த தெரு. விவியன் கார்ட்டரும் அவர் கணவர் ஜேம்ஸ் பிராக்கனும் தொடங்கிய வீ-ஜே நிறுவனமும் இதே தெருவில் இருந்தது. கறுப்பினத்தவர் நடத்திய நிறுவனம் அது. பீட்டில்ஸை அமெரிக்காவில் முதலில் வெளியிட்டவர்களும் அவர்கள்தான். 1966இல் திவாலாகிவிட்டது.

செஸ் இருந்த எண் 2120 ஒடுங்கிய இரண்டு மாடிக் கட்டடம். கீழே கடை, மேலே குடியிருப்பு என்று நம்ம ஊர் பஜாரில் இருக்கும் மளிகைக்கடை வீட்டின் அளவு. எதிர்ப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு சின்ன இடமா என்ற திகைப்பு தீரவில்லை.

செஸ் சகோதரர்களின் கதை போலந்தில் தொடங்குகிறது. மோட்டால் என்ற ஊர், இப்போது பெலாருஸில் இருக்கிறது. 1928இல் யூதக் குடும்பமாகச் சிகாகோ வந்து சேர்ந்தார்கள். லேசர் சிஷ் என்பவர் லெனார்ட் செஸ் ஆனார், தம்பி ஃபிஷல் பில் ஆனார். மதுக்கடை, அப்புறம் தெற்குப் பகுதியில் மகோம்பா லவுஞ்ச் என்ற இரவு விடுதி. அங்கே கூடியவர்கள் என்ன கேட்டு ஆடுகிறார்கள் என்று தினமும் பார்த்த லெனார்ட், 1947இல் தொடங்கப்பட்டிருந்த அரிஸ்டோகிராட் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனத்தில் பங்கு சேர்ந்தார். மடி வாட்டர்ஸின் அந்த முதல் வெற்றி அரிஸ்டோகிராட் முத்திரையில்தான் வந்தது. 1950இல் நிறுவனம் முழுக்க அண்ணன் தம்பி கைக்கு வந்ததும் பெயர் செஸ் என்று மாறியது. முதல் தட்டுக்கு 1425 என்று எண் போட்டார்கள். கார்லோவ் அவென்யூவில் அவர்கள் குடியிருந்த வீட்டின் கதவு எண் அது.

1957 முதல் சுமார் பத்து வருடம் இந்தக் கட்டடத்தில் இருந்தார்கள். கீழே அலுவலகம், மேலே ஒலிப்பதிவுக்கூடம். மாடிப்படி குறுகல். டிரம்ஸும் ஆம்ப்ளிஃபையரும் இதில் ஏறின என்றால் நம்புவது கஷ்டம். கூடம் நீளமான, அலங்காரமில்லாத அறை. வழிகாட்டியாக வந்தவர் எங்கள் குழுவை அறை நடுவில் நிறுத்தி ஒருமுறை கை தட்டச் சொன்னார். தட்டினோம். சத்தம் வந்த வேகத்தில் காய்ந்து நின்றுவிட்டது. பிறகு அவர் ஒலிபெருக்கியில் செஸ்ஸின் ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் "ஜானி பி. குட்" போட்டார். அமெரிக்கா 1977இல் விண்வெளிக்கு அனுப்பிய வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் பாக், பீத்தோவனோடு இருக்கும் பாட்டு. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

வந்தவர்களில் பாதிப் பேர் ஐரோப்பியர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. 1961 அக்டோபரில் லண்டனுக்கு வெளியே டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில், சிறுவயதில் பழகிய கீத் ரிச்சர்ட்ஸும் மிக் ஜாகரும் மறுபடி பேச ஆரம்பித்தது, மிக் கையில் இருந்த சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் தட்டுகளைப் பார்த்துத்தான். இரண்டும் செஸ் வெளியீடுகள். பின்னால் தங்கள் குழுவுக்கு மடி வாட்டர்ஸின் 1950ஆம் வருடப் பாட்டிலிருந்து ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பெயர் எடுத்து, 1964 ஜூனில் இதே மாடிக்கு வந்து பதிவு செய்தார்கள். இந்த முகவரியையே தலைப்பாக வைத்து ஓர் இசைத்துண்டும் போட்டார்கள். அன்று மடி வாட்டர்ஸ் வேலையாள் உடையில் கூரைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார் என்று கீத் பல வருடமாகச் சொல்லிவருகிறார். லெனார்டின் மகன் மார்ஷல் அப்படி நடக்கவே இல்லை என்கிறார். சாமான்களை இறக்க மடி கைகொடுத்தார் என்பது குழுவின் பேஸ் கிதார் வாசிப்பாளர் சொன்ன கதை. எனக்கு மார்ஷல் பேச்சுதான் சரியாகப்படுகிறது. ஒரு பெரிய கலைஞனைத் தாழ்ந்த நிலையில் பார்த்தேன் என்று சொல்வதில் கேட்பவருக்கு ஒரு சுவை இருக்கிறது. அதற்காகவே இந்தக் கதை சாகாமல் இருக்கிறது போலும்.

மூன்று மணிக்கு வெளியே வந்து காபி குடித்தேன், 4 டாலர் 75 சென்ட். அறைக்குத் திரும்பிச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது இரண்டு பேருடைய கைப்பேசியும் ஒரே சமயத்தில் அலறியது. தூசிப் புயல் எச்சரிக்கை. சிகாகோவிலா என்று அவள் சிரித்து முடிப்பதற்குள் மேற்கே வானம் பழுப்பாகிவிட்டது. எதிர் மாடிக் கட்டடம் மறைந்தது. தெருவில் ஒரு பெண் குழந்தையைப் போர்வையில் சுருட்டிக்கொண்டு ஓட, எங்கள் கட்டடக் காவலாளி கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொண்டார். சன்னல் மூடியிருந்தும் பல்லில் மண் கடித்தது. வயல்களில் உழுது காய்ந்திருந்த மண்ணைக் காற்று வாரிக்கொண்டு வந்திருக்கிறது. 1930களுக்குப் பிறகு இந்த நகரம் இப்படிப் பார்த்ததில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். ராத்திரி வெளியே போகும் திட்டம் போயிற்று. அவள் ரசம் வைத்தாள், சாப்பிட்டுப் படுத்தோம்.

மே 17, சனி

காற்று அடங்கவில்லை, வெயில் அடங்கிவிட்டது. பெட்டி இன்னும் வராததால் அண்ணன் மகளின் தோழியிடம் ஒரு குளிர்க்கோட்டு கடன். கைகள் நீளம்.

காட்டேஜ் குரோவ் பேருந்தில் 39ஆம் தெரு வரை போனேன். மகோம்பா இருந்த இடம். 1950இல் எரிந்துபோன விடுதியின் அடையாளம் ஒன்றும் அங்கே இல்லை. இருந்தாலும் அந்த முனையில் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது, நின்றேன். இங்கே குடித்து ஆடியவர்கள் பருத்தி வயல்களை விட்டு இறைச்சி ஆலைக்கும் எஃகு ஆலைக்கும் வந்தவர்கள். ஊர்ப் பாட்டு வேண்டும், ஆனால் நகரத்து இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும். அதனால் கிதார் மின்சாரத்துக்கு மாறியது. லிட்டில் வால்டர் மவுத் ஆர்கனை மைக்கோடு சேர்த்துக் கையில் பொத்தி, ஆம்ப்ளிஃபையர் வழியாக ஊதினார். அவருடைய "ஜூக்" 1952இல் வந்தது. பெரிய நிறுவனங்கள் இந்தச் சத்தத்தைக் கரடு என்று ஒதுக்கின. செஸ் அந்தக் கரட்டை அப்படியே பதிந்தது. தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு லெனார்ட் தெற்கு மாநிலங்களுக்குப் போவார். வானொலி நிலையம், கடை, முடிதிருத்தும் இடம் என்று நிறுத்தி நிறுத்தி விற்றார். மடி வாட்டர்ஸின் 1951 பதிவு ஒன்றில் டிரம்ஸ்காரருக்கு அந்தத் தாளம் பிடிபடவில்லை என்று தானே உட்கார்ந்து பெரிய டிரம்மை அடித்திருக்கிறார்.

அங்கிருந்து லேக் பார்க் அவென்யூ 4339. மடி வாட்டர்ஸ் 1954இலிருந்து சுமார் இருபது வருடம் வாழ்ந்த செங்கல் வீடு. அடித்தளத்தில் ஒத்திகை நடக்கும், சக கலைஞர்கள் தங்குவார்கள். 2021இல் நகரம் இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அவருடைய கொள்ளுப்பேத்தி இதை அருங்காட்சியகமாக்கும் வேலையை எடுத்துச் செய்துவருகிறார். வெளியிலிருந்துதான் பார்த்தேன். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று, "படம் எடுத்துத் தரட்டுமா?" என்று தானாகக் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு, சிறுவனாக இருக்கும்போது இந்த வாசல்படியில் மடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். எப்போதும் நல்ல உடையில் இருப்பாராம். பிறகு என் கோட்டுக் கையைப் பார்த்து, பக்கத்தில் சூடாகச் சாப்பிட ஹெரால்ட்ஸ் இருக்கிறது, போங்கள் என்று வழி சொன்னார்.

ஹெரால்ட்ஸில் பொரித்த கோழி, அடியில் இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி, மேலே மைல்டு சாஸ் என்று இவர்கள் சொல்லும் இனிப்பும் புளிப்பும் கலந்த சிவப்புக் குழம்பு. ரொட்டி அதில் ஊறிக் கடைசியில் கோழியைவிட ருசியாகிவிடுகிறது. 11 டாலர் சில்லறை. வயிறு நிறைந்தது.

சாப்பிட்டுக்கொண்டே நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன். செஸ் இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகளில் பாதி காற்றோடு போயிருக்கும். அதற்கு நான் கடன்பட்டவன். ஆனால் பணக் கணக்கு அங்கே நேராக இருக்கவில்லை. பாடல் உரிமைகள் சகோதரர்களுக்குப் பங்கிருந்த ஆர்க் மியூசிக் என்ற நிறுவனத்துக்குப் போயின. சக் பெர்ரியின் "மேபலீன்" 1955இல் வந்தபோது, வானொலியில் அதை ஓட்டிய ஆலன் ஃப்ரீடின் பெயரையும் பாடலாசிரியராகச் சேர்த்திருந்தார்கள். 1970களில் மடி வாட்டர்ஸும் வில்லி டிக்ஸனும் ஆர்க் மீது வழக்குப் போட்டு, சமரசத்தில் முடிந்தது. டிக்ஸன் செஸ்ஸில் பாட்டெழுதி, பேஸ் வாசித்து, பதிவுகளை நடத்தியவர். அங்கே பெரிய வெற்றிகள் பலவற்றுக்குப் பின்னால் இருந்த ஆள். 1985இல் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பெலின் மீதும் வழக்குப் போட்டு, இரண்டு வருடத்தில் தீர்வு பெற்றார். பழைய கலைஞர்கள் தங்கள் உரிமைத்தொகையைக் கேட்டு வாங்க உதவுவதற்கு ப்ளூஸ் ஹெவன் என்ற அறக்கட்டளையையும் தொடங்கினார். அவர் இறந்த மறு வருடம், 1993இல், மனைவி மேரி அந்த 2120ஆம் எண் கட்டடத்தையே வாங்கினார். நேற்று நான் நுழைவுச்சீட்டு வாங்கிய இடம் அந்த அறக்கட்டளைதான். பாட்டெழுதியவரின் குடும்பத்தார் கையில் அந்தச் சாவி இருப்பது எனக்கு இந்தப் பயணத்தின் பெரிய நிம்மதி.

அன்றைக்கு எல்லா நிறுவனமும் அப்படித்தானே என்று சொல்வார்கள். பலவும் அப்படித்தான். வானொலியில் ஓட்டக் காசு கொடுப்பது ஊரறிந்த வழக்கம். ஆனால் 1969இல் நிறுவனத்தை விற்றபோது பேசிய விலை 65 லட்சம் டாலர். அதே வருடம் அக்டோபரில் லெனார்ட் மாரடைப்பில் இறந்தார், வயது 52. பாடியவர்கள் அதற்கப்புறமும் ஊர் ஊராக வாசித்துத்தான் பிழைக்க வேண்டியிருந்தது. இதை மறந்துவிட்டுத் தட்டை மட்டும் கொண்டாட என்னால் முடியவில்லை.

ராத்திரி ஹால்ஸ்டட் தெருவில் கிங்ஸ்டன் மைன்ஸ். 1968இலிருந்து நடக்கும் இடம். இரண்டு மேடை. ஒன்றில் முடிந்ததும் கூட்டம் நாற்காலியை விட்டு அடுத்த அறைக்கு நகர்கிறது, விடியும்வரை இப்படியே. நடுவயது அம்மா ஒருவர் தன் மேஜையில் எனக்கு இடம் கொடுத்து, இந்தப் பக்கம் முடியப்போகிறது என்று கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். விமான அசதியில் ஒரு மணிக்கு மேல் என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

மே 18, ஞாயிறு

பெட்டி வந்துவிட்டது. பிடி உடைந்திருந்தது, உள்ளே எல்லாம் சரியாக இருந்தது.

மதியம் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை. தூசிப் புயலின் மண்ணைக் கடைக்காரர் இன்னும் அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். செஸ்ஸுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, துடைக்கும் துணியை வைத்துவிட்டு, இரண்டு பெட்டிகளை இழுத்து என் முன்னால் போட்டார். ஒன்று டெல்மார்க், இன்னொன்று அலிகேட்டர். இரண்டும் சிகாகோ இசைத்தட்டு நிறுவனங்கள்.

டெல்மார்க்கை நடத்தியவர் பாப் கோஸ்டர், இசைத்தட்டுக் கடைக்காரர். செயின்ட் லூயிஸில் 1953இல் தொடங்கி, ஐந்து வருடத்தில் சிகாகோவுக்கு வந்தவர். தட்டு விற்று வரும் காசில் தனக்குப் பிடித்ததைப் பதிந்தார். 1965இல் ப்ளூஸ் பாடகர் ஜூனியர் வெல்ஸை அவருடைய விடுதிக் குழுவோடு கூடத்துக்கு அழைத்து, வெற்றிப் பாட்டு வேண்டும் என்று நெருக்காமல், ராத்திரி வாசிப்பதை அப்படியே வாசிக்கவிட்டார். அந்தத் தட்டுதான் "ஹூடூ மேன் ப்ளூஸ்". பதிவின் நடுவில் கிதார் வாசித்த பட்டி கை என்பவரின் ஆம்ப்ளிஃபையர் பழுதாகி, கிதாரை ஆர்கனின் சுழலும் ஒலிபெருக்கியில் செருகினார்கள். அதனால் சில பாட்டுகளில் கிதார் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும். பட்டி கை அப்போது செஸ்ஸுக்குக் கட்டுப்பட்டவர் என்பதால் அட்டையில் அவர் பெயருக்குப் பதில் 'ஃப்ரெண்ட்லி சாப்' என்று போட்டார்கள். அந்த ஆரம்பப் பதிப்பு ஒன்றைக் கடைக்காரர் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார், தொட்டுப் பார்க்கவும் விட்டார். விலை கேட்கவே இல்லை நான்.

கோஸ்டரிடம் பார்சல் கட்டும் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் புரூஸ் இக்லாவர். தெற்குப் பகுதியில் ஃப்ளாரன்ஸஸ் என்ற சிறு விடுதியில் ஞாயிறு மதியங்களில் வாசிக்கும் ஹவுண்ட் டாக் டெய்லரைக் கேட்டு மயங்கி, இவரைப் பதியுங்கள் என்று முதலாளியை நச்சரித்தார். முதலாளி ஒப்பவில்லை. இக்லாவர் தனக்கு வந்த 2,500 டாலர் பரம்பரைச் சொத்தைப் போட்டு, 1971இல் இரண்டு ராத்திரியில் தானே பதிந்தார். ஆயிரம் பிரதி. அந்த ஒரு தட்டுக்காகத் தொடங்கியதுதான் அலிகேட்டர். பேஸ் கூட இல்லாத குழு: இரண்டு கிதார், ஒரு டிரம்ஸ். டெய்லருக்குக் கையில் ஆறு விரல். தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வானொலி நிலையம் நிலையமாக இக்லாவர் போனார். செஸ் அடங்கிய பின் திக்கில்லாமல் நின்ற பாடகி கோகோ டெய்லர் 1975இல் இங்கே வந்துதான் மறுபடி எழுந்தார். 1986இல் கார் கழுவும் கடையில் வேலை பார்த்த லிட்டில் எட்டை ஒரு தொகுப்புக்காக இரண்டு பாட்டு பாடக் கூப்பிட்டார்கள். மூன்று மணி நேரத்தில் முப்பது பாட்டு வாசித்து முடித்துவிட்டார் மனிதர். அதுவே தனித் தட்டாக வந்தது.

கோஸ்டர் 2021இல் காலமானார். அதற்கு மூன்று வருடம் முன்பே டெல்மார்க்கை இரண்டு இசைக்கலைஞர்கள் வாங்கி நடத்துகிறார்கள், இன்னும் புதுத் தட்டு வருகிறது. மிச்சிகன் அவென்யூ கட்டடத்தில் பாட்டு பதிவது நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனாலும், பார்சல் கட்டியவரும் கடை வைத்தவரும் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர் மூன்று மணி நேரம் எனக்காகப் போட்டுப் போட்டுக் காட்டிவிட்டு, கடைசியில் நான் வாங்கிய ஒரே தட்டுக்கு 28 டாலரில் மூன்று டாலர் குறைத்தார். ஹவுண்ட் டாக் டெய்லரின் அந்த முதல் தட்டு, பின்னாள் அச்சு.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் மடி வாட்டர்ஸின் "ரோலிங் ஸ்டோன்" பாட்டில் தொடங்குங்கள். கிதார் ஒன்று, குரல் ஒன்று, வேறு எதுவும் இல்லை. அப்புறம் ஹவ்லின் வுல்ஃபின் "ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்", பிறகு "ஹூடூ மேன் ப்ளூஸ்" முழுத் தட்டும். ஹவுண்ட் டாக் டெய்லரைப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் போடுங்கள், சத்தத்தைக் குறைத்தால் அது அவர் இல்லை.